தேயிலையின் தரத்தை நாவினால் அறிதல்

கைத்தறி நெசவாளர் ஒருவர் தம் சங்கத்திலிருந்து நூல் பெறும்போது, அதனை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடுவதில்லை. ஒரு சிட்டத்தைப் பிரிக்கிறார். இழையை இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பார்க்கிறார். முறுக்கு ஒரே சீராக உள்ளதா, குறித்த நம்பர் சரிதானா, சாயமிட்டதாயின் நனைத்தால் கையில் ஒட்டுகிறதா என்று சோதிக்கிறார். குறை காணின் அன்றே காரியதரிசியிடம் சொல்கிறார். தம் கைக்கு வரும் பொருளின் தன்மையைத் தாமே அறிந்திருத்தல் அவருக்குத் தொழிலோடு பிறந்த பழக்கம்.

தேயிலை பயிரிடும் நம் அங்கத்தினருள் பலருக்கு இப்பழக்கம் வாய்க்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கையிலிருந்து செல்வது பச்சைக் கொழுந்து. சந்தைக்குச் செல்வது கறுத்துச் சுருண்ட தேயிலை. இரண்டிற்கும் நடுவே ஒரு தொழிற்சாலை நிற்கிறது. தம் கொழுந்து எந்தக் கோப்பையில் எந்தச் சுவையோடு முடிந்தது என்பதைக் காணாமலே இருபது, முப்பது ஆண்டுகள் பறித்து நிறுத்துக் கொடுத்தவர்கள் உண்டு. ஆயினும் அக்கொழுந்தின் விலை யாரோ ஒருவருடைய நாவின்மேல்தான் நிர்ணயமாகிறது. குன்னூரில் 1963-ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. இன்று ஏலம் கேட்பது கணினி வழியாக எனினும், அதற்கு முன் மாதிரிகளை வரிசையாகக் கோப்பையில் வடித்துச் சுவைத்துப் பார்க்கும் வழக்கம் மாறவில்லை.

சென்ற பனிக்காலத்தில், எங்கள் மாவட்ட நெசவாளர் சங்கங்களைச் சேர்ந்த எண்மர் கூட்டுறவுக் கல்விச் சுற்றுப்பயணமாக நீலகிரிக்குச் சென்றிருந்தோம். அங்கு 1962-ஆம் ஆண்டில் குந்தாவில் முதல் தொழிற் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தோன்றியது. 1965-இல் இத்தகைய தொழிற்சாலைகளுக்கெல்லாம் இணையமாக இண்ட்கோசர்வ் அமைந்தது. அவ்வகைத் தொழிற்சாலை ஒன்றில் எங்களுக்கு அரைநாள் ஒதுக்கியிருந்தார்கள். இயந்திரங்களையெல்லாம் காட்டிய பிறகு, வடக்கு நோக்கிய சன்னலை உடைய ஓர் அறைக்கு அழைத்துச் சென்றனர். வெயில் நேரே விழாத அவ்வொளியில்தான் நிறம் பிசகாமல் தெரியுமாம். சாயப்பட்டறையில் நிறம் ஒப்பிடுவோர் இதை உடனே ஒப்புக்கொள்வர். எங்களோடு அத்தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கும் அங்கத்தினர் மூவரும் வந்திருந்தனர். அவர்களும் அவ்வறைக்குள் நுழைவது அன்றே முதன்முறை என்று அறிந்து வியப்புற்றோம்.

நீண்ட மேசையின்மேல் ஆறு தட்டுகளில் ஆறு தேயிலைகள். ஒவ்வொன்றின் பின்னும் மூடியோடு கூடிய வெள்ளைப் பீங்கான் சாடி ஒன்றும், பிடியில்லாத கிண்ணம் ஒன்றும். ஒரு சிறு தராசு, ஒரு கடிகாரம், எச்சில் துப்புவதற்கு இடுப்புயரக் கலம். தயாரிப்பு மேற்பார்வையாளர் ஒவ்வொரு தேயிலையையும் நிறுத்துச் சாடியில் இட்டார். 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் என்பதும், 6 நிமிட நேரம் ஊறவிட வேண்டும் என்பதும் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 1980-இல் வகுத்த முறை. தேநீர் வடிப்பதற்கு ஒரு சட்டமா என்று நகைத்தவர்களும் உண்டு. ஆனால் அம்முறை, தேநீர் இனிமையாக இருக்கவேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்டதன்று. ஒன்றையொன்று ஒப்பிடுவதற்காக வகுக்கப்பட்டது. ஒரு தறியில் 60-ஆம் நம்பரையும் மற்றொரு தறியில் 80-ஆம் நம்பரையும் ஓட்டிவிட்டு, எந்த நெசவாளர் கைதேர்ந்தவர் என்று கேட்பதில் பொருளில்லை அல்லவா? பழங்காலத்து ஆங்கில வணிகர்கள் ஆறு பென்னி நாணயத்தை எடைக்கல்லாக வைத்துத் தேயிலை நிறுத்தனர். அதன் எடை ஏறத்தாழ 2.8 கிராம், இன்றும் சிறு சாடிக்கு அவ்வளவே இடுகிறார்கள்.

கொதித்த நீரை உடனே ஊற்றி மூடினார். நேரம் ஆனதும் சாடியை மூடியோடு கிண்ணத்தில் சாய்த்து வைக்க, வடிநீர் கிண்ணத்தில் இறங்கிற்று. பிறகு சாடியிலிருந்த சக்கையைத் தலைகீழாக மூடியின்மேல் கவிழ்த்து வைத்தார். ஆக, ஒவ்வொரு தேயிலைக்கும் பார்ப்பதற்கு மூன்று சாட்சிகள்: உலர்ந்த இலை, வடித்த நீர், வெந்த சக்கை. வெளியிலிருந்து வருவோர் உலர்ந்த இலையையும் நீரையுமே பார்ப்பர். அனுபவசாலிகள் சக்கையை மூக்கருகே கொண்டுபோவர். உலர்ந்த இலை பொய் சொன்னாலும் சக்கை சொல்லாது என்றார் மேற்பார்வையாளர்.

அவர் ஒரு கரண்டி நீரை எடுத்துப் பெருத்த ஓசையுடன் உறிஞ்சினார், வாயெங்கும் சுழற்றினார், துப்பினார். எங்களுள் மூத்த நெசவாளர், தம் பேரன் இவ்வாறு உறிஞ்சினால் தலையில் குட்டுவதாகச் சொன்னார். ஆனால் அவ்வோசைக்குக் காரணம் உண்டு. காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது நீர் சிறு திவலைகளாகச் சிதறி வாய் முழுவதும் படுகிறது. மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கிற்கு ஏறுகிறது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணமே. சளி பிடித்தவருக்கு உணவு சப்பென்றிருப்பதை யாவரும் அறிவர். பால், சர்க்கரை இல்லாமல் உறிஞ்சிய முதற்கரண்டி எங்களுள் பலருக்குக் கசப்பாகவே இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கிண்ணத்தில்தான் கசப்புக்கும் துவர்ப்புக்கும் வேறுபாடு தெரியலாயிற்று.

முதற்கிண்ணம் டார்ஜிலிங், இரண்டாம் பருவத்துக் கொழுந்து. வெளிர்ந்த செம்மஞ்சள் நிறம். பழுத்த திராட்சையை நினைவூட்டும் ஒரு மணம். இந்தியாவில் புவிசார் குறியீடு முதன்முதலில் பெற்ற பொருள் டார்ஜிலிங் தேயிலையே, ஆண்டு 2004. இமயச் சாரலில் சீன இனச் செடிகள் மெதுவாக வளர்வது இச்சுவைக்கு ஒரு காரணம். மற்றொரு காரணத்தைக் கேட்டபோது, எங்களோடு வந்திருந்த பருத்தி விவசாயி ஒருவர் நம்பவில்லை. மே, ஜூன் மாதங்களில் பச்சைத் தத்துப்பூச்சி கொழுந்தின் சாற்றை உறிஞ்சுகிறது; செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களைச் சுரக்கிறது; அம்மணமே கோப்பைக்கு வருகிறது. பருத்தியில் எந்த இனத்துப் பூச்சியைக் கண்டால் மருந்துத் தெளிப்பானைத் தேடுகிறோமோ, அவ்வினத்தது அங்கே விலையை ஏற்றுகிறது!

இரண்டாவது நீலகிரியிலேயே உருட்டு முறையில் தயாரான இலைத் தேயிலை. இதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். மூன்றாவது இலங்கையின் ஊவாப் பகுதியைச் சேர்ந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மலையைக் கடந்து வறண்ட கச்சான் காற்று வீசும் பருவத்தில் பறித்தால், கற்பூரத்தையோ புதினாவையோ ஒத்த ஒரு குளிர்ச்சி அதில் இறங்குகிறது. நாவின் பக்கங்களில் அதன் கூர்மை தைத்தது. இலங்கையில் 1867-ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார்; அடுத்த இரண்டே ஆண்டுகளில் காப்பிச் செடியை இலைத்துரு நோய் பற்ற, மலை முழுவதும் தேயிலையாயிற்று. அம்மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிய மக்களே. எங்கள் குழுவில் ஒருவருடைய பாட்டனாரின் தமையனார் அவ்வாறு சென்று திரும்பாதவர். அவர் அக்கிண்ணத்தை மட்டும் துப்பாமல் விழுங்கினார்.

நான்காவது அஸ்ஸாம். செம்பு நிறம், வாய் நிறையும் கனம், முளைகட்டிய தானியத்தை வறுத்தாற்போன்ற மணம். பிரம்மபுத்திராவின் சமவெளியில் வளரும் அகன்ற இலைச் செடி இது. அரைமணி கழித்து அக்கிண்ணத்தை மறுபடியும் பார்த்தோம். நீர் கலங்கிப் பாலாடை படர்ந்தது போல் ஆகியிருந்தது. கெட்டுவிட்டதோ என்று ஐயுற்றோம். அது கெடுதலன்று, வலிமையின் அடையாளம். காபினும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து நீரில் கரையாமல் மிதப்பதால் நேர்வது. சூடாக்கினால் மீண்டும் தெளியும்.

அதே வேளையில் இரண்டாவது கிண்ணத்து நீலகிரித் தேநீர் கண்ணாடி போலத் தெளிந்தே இருந்தது. குளிர்ந்தாலும் எளிதில் கலங்காமை இம்மலைத் தேயிலைக்குரிய தனிச்சிறப்பு. பனிக்கட்டி இட்டுப் பருகும் தேநீருக்கு இதனை விரும்பி வாங்குகிறார்கள். நிறம் பொன்னொளி, மணத்தில் மலரின் சாயல், துவர்ப்பு இருந்தும் நாவைப் பிடிக்கவில்லை. நீலகிரியில் இரு பருவமழையும் பெய்வதால் ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டு. ஆனால் டிசம்பர் முதல் மார்ச்சு வரை, இரவில் பனி கடித்துப் பகலில் வெயில் காயும் நாட்களில், செடியின் வளர்ச்சி தளர்ந்து மணம் செறிகிறது. எங்களோடிருந்த விவசாயிகளுள் ஓர் அம்மையார் அதைச் சுவைத்துவிட்டு, இது எந்த நாட்டுத் தேயிலை என்று வினவினார். உங்கள் ஊர்த் தேயிலைதான் என்றபோது அவர் நம்ப மறுத்துச் சிரித்தார். வீட்டில் அவர் பயன்படுத்துவது கடையில் வாங்கும் டஸ்ட்.

டஸ்ட் என்பதைப் பற்றி இங்கே ஒரு சொல். தொழிற்சாலையைக் கூட்டி அள்ளிய குப்பை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. சல்லடையில் இறங்கும் மிக நுண்ணிய பருமனுக்கு அது பெயர், அவ்வளவே. நம் பக்கத்து மக்கள் விரும்புவது அதனையே, நீரில் இட்டவுடன் நிறமும் கடுப்பும் இறங்கும், பாலைத் தாங்கும். ஆரஞ்சுப் பீக்கோ என்ற பெயரைக் கண்டு ஆரஞ்சுப் பழம் கலந்தது என்று கருதுவோரும் உளர். பீக்கோ என்பது அரும்பின்மேலுள்ள வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லின் மருவு. பழத்துக்கும் அதற்கும் உறவில்லை.

ஐந்தாவதும் ஆறாவதும் அத்தொழிற்சாலையிலேயே, ஒரே வாரத்தில், ஒரே இயந்திரத்தில் தயாரானவை. இரண்டும் சி.டி.சி. வகை. 1930-ஐ ஒட்டி அஸ்ஸாமில் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் கண்டுபிடித்த இயந்திரத்தின் பெயரே தேயிலைக்கும் ஆயிற்று. பற்கள் வெட்டிய இரு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிரே சுழல, நடுவே செல்லும் இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு மணிமணியாக விழும். உருட்டு முறையில் இலை முறுக்கப்படும்; இதில் நொறுக்கப்படும். ஆகவே இதில் மணம் குறையும், நிறமும் வேகமும் மிகும். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று சொல்ல நான் உடன்படேன். முரட்டு நூலில் நெய்த சமுக்காளத்தை, மென்பட்டுப் போல் இல்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் ஒரு சமுக்காளத்தையும் மற்றொரு சமுக்காளத்தையும் ஒப்பிடலாம்.

அவ்வாறு ஒப்பிட்டபோது எங்களுக்கே வேறுபாடு தெரிந்தது. ஐந்தாவதன் நீர் சிவந்து ஒளிர்ந்தது, விளிம்பில் பொன்வளையம், நாவில் ஒரு துடிப்பு. சக்கை புதுச்செம்புக் காசின் நிறம். ஆறாவதன் நீர் மங்கிய பழுப்பு; கனம் உண்டு, உயிர் இல்லை; பழைய கஷாயம் போன்ற வாடை. சக்கை கருகிய பசுமையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. பால் ஊற்றியதும் ஐந்தாவது செம்பொன்னாயிற்று; ஆறாவது சாம்பல் பூத்தது.

காரணம் யாதென வினவினோம். மேற்பார்வையாளர் சொன்னதன் சுருக்கம் இது: அரும்பிலும் இளம் இலையிலும் துவர்ப்புப் பொருள்களும் அவற்றை மாற்றும் நொதிகளும் மிகுதி. இலை கிழிந்து காற்றுப் படும்போது அவை தியாஃபிளேவின், தியாருபிஜின் என்னும் பொருள்களாகின்றன. முன்னது ஒளியும் துடிப்பும் தருவது. பின்னது நிறமும் கனமும். முற்றிய இலையிலோ நாரே மிகுதி. மேலும், கொழுந்தைச் சாக்கில் அமுக்கித் திணித்து வெயிலில் வைத்தால், அது உள்ளேயே நசுங்கிச் சூடேறிச் சிவந்துவிடும். இயந்திரத்தில் நடக்கவேண்டிய மாற்றம் நேரமும் அளவும் இன்றிச் சாக்கிலேயே நடந்துவிடும். அத்தகைய கொழுந்தைக் கொண்டு எந்த இயந்திரமும் நல்ல தேயிலை தர இயலாது. ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். பலருடைய கொழுந்து ஒரே தொட்டியில் வாடுகிறது. பத்துச் சாக்கில் இரண்டு வெந்திருந்தால் மற்ற எட்டின் உழைப்பும் ஆறாவது கிண்ணமாகிறது.

இவ்விடத்தில் அவ்வம்மையார் குறுக்கிட்டார். லாரி நான்கு மணிக்கு வரும் என்று காத்திருந்தால் ஏழு மணிக்கு வருகிறது; சாலையோரத்தில் கூரை இல்லை; கொழுந்தை எங்கே பரப்பி வைப்பது என்று கேட்டார். மூவருள் முதியவர் இன்னும் ஒன்று சொன்னார். இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கையால் பறித்தால் தமக்கு ஒரு சாக்குத் தேறுகிறது. அண்டை நிலத்துக்காரர் கத்தரியால் வெட்டி இரண்டு சாக்கு நிரப்புகிறார். கிலோவுக்கு இருவருக்கும் விலை ஒன்றே. பிறகு கைப்பறிப்புக்குக் கூலி கொடுத்து என்ன பயன்? மேற்பார்வையாளர் உடனே விடை சொல்லவில்லை.

இக்கேள்வி அற்பமானதன்று. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தபின் நீலகிரித் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சந்தை சுருங்கியது. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து, 2000-ஆம் ஆண்டில் மலை மக்கள் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்யும் நிலை வந்தது. எதை அனுப்பினாலும் வாங்கிய சந்தை போனபின், தரம் பார்த்து வாங்குவோரே எஞ்சினர். அப்போதுதான் முற்றல் இலையின் விலை பலருக்குத் தெரிந்தது. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. என் கருத்தில், விவசாயி திருந்தவேண்டும் என்று சுவரில் எழுதுவதால் மட்டும் காரியம் ஆகாது. நல்ல கொழுந்துக்குச் சிறிதேனும் கூடுதல் விலை, நேரத்தில் வரும் லாரி, சாலையோரத்தில் ஒரு கூரை ஆகிய மூன்றும் சங்கத்தின் கடமை. நெசவாளர் சங்கத்தில் நயம் நெசவுக்கும் மட்ட நெசவுக்கும் ஒரே கூலி கொடுத்தால் எத்தனை மாதம் நயம் நெசவு நிற்கும் என்று நம் நிர்வாகிகள் எண்ணிப் பார்க்கட்டும்.

சுவைத்துப் பார்ப்பதற்குத் தொழிற்சாலையின் பீங்கான் சாடியே வேண்டும் என்பதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்கள், ஒரே கரண்டி, ஒரே பாத்திரத்தில் கொதித்த நீர், ஒரு கடிகாரம் போதும். தூளை அடுப்பில் வைத்துக் காய்ச்சக்கூடாது. காய்ச்சினால் எல்லாத் தேயிலையும் ஒரே கடுப்பாகி வேற்றுமை மறைந்துவிடும். மூடி ஊறவிட்டு, வடிகட்டி, முதலில் வெறும் நீரையும், பிறகு அளந்த பால் விட்டும் பார்க்கவேண்டும். தனியாக ஒரு தேயிலையைக் குடித்து நன்று, தீது என்பது ஊகமே. இரண்டை அருகருகே வைத்தால் சிறுபிள்ளையும் சொல்லும். நீரும் முக்கியம். நான் அங்கே வாங்கிவந்த உருட்டுத் தேயிலையை எங்கள் ஊர்க் கிணற்று நீரில் வடித்தபோது மங்கிச் சேறுபோல் ஆயிற்று. ஏமாற்றிவிட்டார்களோ என்று ஒருகணம் ஐயுற்றேன். மழைநீரில் வடித்துப் பார்த்தபோது பழைய பொன்னொளி திரும்பிற்று. உப்புநீரில் சாயம் தெளியாது என்பதை அறிந்த நெசவாளனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

கலப்படத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஈரமான வெள்ளை உறிஞ்சுதாளில் தூளைத் தூவினால், சாயமிட்ட தூளாயின் உடனே நிறத் திட்டுகள் படரும். தூய தேயிலை அவ்வாறு உடனே நிறம் விடாது. இரும்புத்தூள் கலந்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும். வாங்கிய நல்ல தேயிலையையும் மிளகாய், மஞ்சள், சோப்பு ஆகியவற்றின் அருகில் வைத்தல் ஆகாது. உலர்ந்த தேயிலையில் ஈரம் 3 சதவீதம் அளவே இருப்பதால், அண்டையிலுள்ள ஈரத்தையும் வாடையையும் அது விரைவில் இழுத்துக்கொள்ளும்.

நாங்கள் புறப்படும் வேளையில், அந்த முதியவர் மட்டும் மேசையருகில் நின்றிருந்தார். ஆறாவது கிண்ணத்தில் மறுபடியும் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சினார். இப்போது அவருக்கும் அவ்வோசை நன்றாக வந்தது. எந்தத் தேதிக் கொழுந்து என்று கேட்டார். மேற்பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டிச் சொன்னார். முதியவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அன்று தம் சாக்கும் அந்த லாரியில்தான் ஏறியது என்றார். பிறகு, ஐந்தாவதிலும் ஆறாவதிலும் நூறு நூறு கிராம் பொட்டலம் கட்டித் தரும்படியும், மேலே தேதியை எழுதும்படியும் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தம் ஹட்டியில் கூட்டம் கூடுகிறதாம். ஒரே அடுப்பில் நீர் காய்ச்சி இரண்டையும் எல்லோருக்கும் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அம்மையார் மேற்பார்வையாளரைப் பார்த்து, அன்றைக்கு அந்த லாரி ஓட்டுபவரையும் மறவாமல் அனுப்பி வையுங்கள் என்றார்.